யார் வீட்டுப் பிள்ளை: ஐரிஷ் வாழ்வும் அதன் ஏக்கமும்

அயர்லாந்தின் அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ., தன் நெட்டலை வானொலிச் சேவையை நிறுத்தப்போவதாக 2014-இல் அறிவித்தது. 252 கிலோஹெர்ட்ஸில் ஒலித்த அந்தச் சேவை உள்நாட்டில் பெரும்பாலோருக்குத் தேவைப்படவில்லை. பண்பலையும் இணையமும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால் கடலுக்கு அப்பால் பிரிட்டனிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. 1950களிலும் 60களிலும் அங்கே போய்ச் சாலை போட்டவர்கள், சுரங்கம் தோண்டியவர்கள், மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றியவர்கள் இப்போது முதியவர்கள். அவர்களில் பலருக்கு இணையம் பழக்கமில்லை. பழைய வானொலிப் பெட்டியில் செய்தி, வானிலை, பூசை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் நேர்முக வருணனை ஆகியவற்றைக் கேட்பதே அவர்களுக்கு ஊரோடு எஞ்சியிருந்த அன்றாடத் தொடர்பு. சேவையை நிறுத்துவது தள்ளிப்போடப்பட்டது. கடைசியில் 2023 ஏப்ரலில் அது நின்றது.

பர்மிங்ஹாமில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்ட ஒருவருக்கு, மேயோ மாவட்டத்தில் இன்று மழை பெய்கிறதா என்று தெரிந்து என்ன ஆக வேண்டும்? ஐரிஷ் வாழ்வில் மனிதர்கள் எதை நேசிக்கிறார்கள், எதை இழந்ததாக உணர்கிறார்கள் என்ற ஆராய்ச்சியை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

ஏங்குகிறவர்களின் எண்ணிக்கையே ஒரு வரலாறு. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதைத் தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டுப் போனார்கள். பஞ்சம் முடிந்த பிறகும் போவது நிற்கவில்லை. 1841-இல் தீவு முழுவதும் 80 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். இன்றைய குடியரசுக்கு உட்பட்ட 26 மாவட்டங்களில் மட்டும் அப்போது சுமார் 65 லட்சம் பேர். 1961-இல் அதே 26 மாவட்டங்களில் 28 லட்சம். 1890 வாக்கில் அயர்லாந்தில் பிறந்து உயிரோடு இருந்த ஐந்து பேரில் இருவர் வெளிநாட்டில் வாழ்ந்தார்கள். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் பெரும்பாலும் ஆண்கள் முன்னே போக, அயர்லாந்தில் மணமாகாத இளம்பெண்களும் ஏறக்குறைய ஆண்களுக்குச் சமமான எண்ணிக்கையில் தனியாகவே கப்பலேறினார்கள். புறப்படும் முந்தைய இரவில் அண்டை அயலார் கூடி, விடிய விடியப் பாடி, ஆடி, அழுது வழியனுப்புவார்கள். இதற்கு ‘அமெரிக்க இழவு’ என்றே பெயர். போகிறவர் திரும்பி வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருப்பவருக்கு இழவு காத்த சமூகம் அது.

பிரிந்து போனவர்கள் எதைக் கேட்டு எழுதுகிறார்கள் என்று பார்த்தால் முதலில் வருவது தின்பண்டமும் தேநீரும்தான். கார்க் நகரில் 1901-இல் தொடங்கிய பாரிஸ் தேயிலை. 1954-இல் ஜோ மர்ஃபி தொடங்கிய டேட்டோ நிறுவனத்தின் சீஸும் வெங்காயமும் கலந்த உருளைக்கிழங்கு வறுவல். உப்பு தூக்கலான வெண்ணெய். காலைச் சிற்றுண்டிக்கான பன்றி இறைச்சித் துண்டுகள். ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் தாய்மார்கள் அனுப்பும் பொட்டலங்களில் தேயிலையும் வறுவலும் தவறாமல் இருக்கும். மண்கரி எரியும் அடுப்பின் வாசமும் பட்டியலில் உண்டு. சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்த அந்த மண்கரியின் புகையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறப்பதில்லை. அதன் வணிக அறுவடையை அரசு நிறுவனமான போர்ட் நா மோனா, காலநிலை கருதி 2021-இல் முற்றாக நிறுத்திவிட்டது. இவையெல்லாம் உண்மையான ஏக்கங்கள்தாம். ஆனால் தேயிலையை எங்கும் வாங்கலாம். கேட்காமலே ஒரு கோப்பை தேநீர் வந்து சேரும் அந்தச் சமையலறையை வாங்க முடியாது. அதனால் பண்டங்களைக் கடந்து அந்தச் சமையலறையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிப் பேசுவதே பயனுள்ளது.

2015 ஜூலை வரை அயர்லாந்தில் நாடு தழுவிய அஞ்சல் குறியீடு இல்லை. டப்ளினில் மட்டும் வட்டார எண்கள் இருந்தன. ஊர்ப்புறத்தில் வீட்டு எண் கிடையாது, தெருப்பெயர் கிடையாது. ‘டவுன்லாந்து’ எனப்படும் சிறு நிலப்பிரிவின் பெயர், மாவட்டத்தின் பெயர், ஆளின் பெயர், அவ்வளவுதான் முகவரி. இப்படிப்பட்ட நிலப்பிரிவுகள் 60,000-க்கும் மேல் உண்டு. நாட்டின் முகவரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேறொரு வீட்டோடு ஒத்துப்போகிறவை. ஒரே நிலப்பிரிவில் ஒரே குடும்பப் பெயரில் நான்கு வீடுகள் இருந்தாலும், எந்த மேரி யாருடைய மகள் என்று தபால்காரருக்குத் தெரியும். ஒரு நவீன ஐரோப்பிய அரசின் அஞ்சல் துறை 21-ஆம் நூற்றாண்டு வரை மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பதை நம்பியே நடந்தது. ஐரிஷ் வாழ்வின் மையம் இதுதான் என்று நான் கருதுகிறேன். நீ யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்பது நீ சொல்வதற்கு முன்பே எதிரில் இருப்பவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் இரண்டு மூன்று கேள்விகளில் கண்டுபிடித்துவிடுவார். ஊர்ச்சாலையில் எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொல்வதும், பேருந்திலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்வதும் இந்த மையத்தின் விளிம்புகள்.

அந்த மையத்தை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் ஐரிஷ் சாவு வீட்டுக்குப் போக வேண்டும். இறந்தவரை வீட்டிலேயே திறந்த பெட்டியில் கிடத்துவது ஊர்ப்புறத்தில் இன்றும் வழக்கம். மாவட்ட வானொலி நிலையங்கள் நாள்தோறும் மரண அறிவிப்புகளை வாசிக்கின்றன. ஆர்.ஐ.பி. டாட் ஐ.ஈ. என்ற இணையதளம் 2005-இல் டண்டாக் நகரில் தொடங்கப்பட்டு, நாட்டிலேயே அதிகம் பார்க்கப்படும் தளங்களில் ஒன்றாக வளர்ந்தது. 2024-இல் ஐரிஷ் டைம்ஸ் நாளிதழ் அதை வாங்கியது. அறிவிப்பு வந்ததும் ஊர் இயங்கத் தொடங்கும். ஒருவர் வயலில் வண்டி நிறுத்த இடம் ஒதுக்குவார், ஒருவர் சாலையில் நின்று போக்குவரத்தைப் பார்ப்பார். பக்கத்து வீட்டுச் சமையலறைகளில் சாண்ட்விச் மலைபோல் குவியும். மேற்குப் பகுதிகளில் குழியை அண்டை அயலாரே வெட்டுவது இன்னும் உண்டு. வருகிறவர்கள் வரிசையில் நின்று, குடும்பத்தார் ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன் என்று சொல்லி நகர்வார்கள். எல்லோரும் சொல்வது அந்த ஒரே வாக்கியம்தான். புதிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை என்பதே அதிலுள்ள கருணை. இறந்தவரை நேரில் அறியாதவர்களும் வருவார்கள். மகனோடு வேலை பார்ப்பவர், மருமகளின் ஊர்க்காரர், எப்போதோ அவர்கள் வீட்டுச் சாவுக்கு இவர்கள் வந்திருந்ததை நினைவில் வைத்திருப்பவர்.

அடக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களுக்குள் முடிந்துவிடும். சிட்னியில் இருக்கும் மகனுக்கு அந்த அவகாசம் எவ்வளவு குறைவு என்று எண்ணிப் பாருங்கள். புலம்பெயர்ந்தோர் மனத்தில் எப்போதும் அடியில் கிடக்கும் பயம், நள்ளிரவில் வரும் அந்தத் தொலைபேசி அழைப்புதான். 2020-இல் கோவிட் காலத்தில் ஈமச் சடங்குக்குப் பத்துப் பேர் மட்டுமே என்று அரசு வரையறுத்தது. அப்போது ஊர்க்காரர்கள் இடைவெளி விட்டுச் சாலையோரம் நெடுக நின்று, சவ ஊர்தி கடந்துபோகும்போது தலை தாழ்த்தினார்கள். எவரும் ஆணையிட்டு நடந்ததல்ல அது. இரங்கல் சொல்ல முடியாத நிலை அவர்களுக்குத் தாங்கவில்லை.

இதே வலைப்பின்னலின் மகிழ்ச்சியான முகம் ஜி.ஏ.ஏ. என்று எல்லோரும் அழைக்கும் கேலிக் தடகளச் சங்கம். 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் நகரின் ஒரு விடுதியில் மைக்கேல் கியூசாக் முதலிய சிலர் கூடித் தொடங்கியது. மட்டையும் சிறு பந்தும் கொண்ட ஹர்லிங், கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்து ஆகியவற்றை அது நடத்துகிறது. இறுதி ஆட்டம் நடக்கும் டப்ளினின் குரோக் பார்க்கில் 82,000-க்கும் மேற்பட்டோர் உட்காரலாம். ஆடுகிறவர்கள் யாருக்கும் சம்பளம் இல்லை. ஞாயிறன்று அத்தனை பேர் முன்னிலையில் ஆடியவர் திங்களன்று பள்ளியில் பாடம் நடத்துவார் அல்லது பால் கறப்பார். இதைவிட முக்கியமான விதி, ஒருவர் தன் பங்கு ஆலயத்து எல்லைக்குரிய மன்றத்துக்கும் தன் மாவட்டத்துக்கும் ஆடுவார் என்பது. காசு கொடுத்து ஆளை வாங்க முடியாது. திடலில் ஓடுகிறவன் யார் மகன், யார் பேரன் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

இந்த ஆட்டம் புலம்பெயர்ந்தோரை எவ்வளவு தூரம் பின்தொடர்ந்தது என்பதற்கு 1947 சான்று. பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டான 1847-இன் நூற்றாண்டை நினைவுகூர, அந்த ஆண்டின் கால்பந்து இறுதி ஆட்டத்தை நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் திடலில் நடத்தினார்கள். கேவன் அணி கெர்ரியை வென்றது. நேர்முக வருணனை செய்த மைக்கேல் ஓ'ஹெஹிர், ஆட்டம் முடியும் முன்பே அட்லாண்டிக் கடந்த தொலைபேசி இணைப்புக்குக் குறித்த நேரம் தீரப்போவதைக் கண்டு, இன்னும் ஐந்து நிமிடம் இணைப்பைத் துண்டிக்காதீர்கள் என்று வருணனைக்கு நடுவிலேயே மன்றாடினார். இணைப்பு நீடித்தது. இன்றும் நியூயார்க், லண்டன் அணிகள் கானாட் மாகாணப் போட்டியில் பங்கேற்கின்றன. வெளிநாட்டில் இறங்கும் இளைஞர் பலர் முதலில் தேடிப்போவது அந்நகரத்து ஜி.ஏ.ஏ. மன்றத்தைத்தான். அங்கே வேலையும் தங்குமிடமும் விசாரித்துக்கொள்ளலாம். மகன் எப்படி இருக்கிறான் என்று அம்மாவுக்குத் தகவல் போகவும் வழியுண்டு.

இசையின் கதை இன்னும் ஆழமானது. ஏக்கத்தைப் பற்றிய நம் பொது எண்ணத்தையே அது திருப்பிப் போடுகிறது. தாயகத்தில் இருந்ததைப் போனவர்கள் நினைத்து ஏங்குகிறார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். ஐரிஷ் இசையில் போனவர்கள் ஆக்கியதைத் தாயகம் வாங்கிக்கொண்டது. கார்க் மாவட்டத்து டிராலிபேனில் பிறந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல் 1901 முதல் 1905 வரை சிகாகோ நகரின் காவல்துறைத் தலைவர். அந்நகரத்து ஐரிஷ் காவலர்களிடமும் தொழிலாளர்களிடமும் மெட்டுகளைத் திரட்டி, 1903-இல் 1850 மெட்டுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். அவரது நூல்கள் அயர்லாந்தின் கலைஞர்களுக்கே அடிப்படை நூல்களாயின. ஸ்லைகோவிலிருந்து போன வயலின் கலைஞர் மைக்கேல் கோல்மன் 1920களில் நியூயார்க்கில் பதிவு செய்த இசைத்தட்டுகள் கடல் கடந்து ஊர் திரும்பின. அவற்றைக் கேட்டே ஒரு தலைமுறை வாசிக்கக் கற்றது. சில வட்டாரப் பாணிகள் மறையவும் அவை காரணமாயின. பப்பின் மூலையில் இசைக்கலைஞர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பது இன்று அயர்லாந்தின் அடையாளக் காட்சி. ஆனால் பழைய நாட்களில் இசை ஒலித்த இடங்கள் வீட்டுச் சமையலறைகளும் நாற்சந்திகளும். 1935-இன் பொது நடனக்கூடச் சட்டம் உரிமமில்லாத நடனத்தைக் குற்றமாக்கி, பாதிரியாரும் காவலரும் வீட்டு நடனங்களை ஒடுக்க வழிசெய்தது. பப்பில் கூடி வாசிக்கும் வழக்கம் வலுப்பெற்றதில் 1940களின் பிற்பகுதி லண்டனுக்கு, குறிப்பாக கேம்டன் வட்டாரத்துக்குப் பெரும் பங்குண்டு. வாடகை அறையில் நான்கு பேரோடு படுத்த தொழிலாளிக்கு வாசிக்கச் சமையலறை ஏது? பப்தான் இருந்தது. 1951-இல் முல்லிங்காரில் முதல் இசைப் பெருவிழா நடந்தபின், அந்த வழக்கம் ஊரிலும் வேர்கொண்டது. நாம் ‘பழைய அயர்லாந்து’ என்று ரசிப்பதில் ஒரு பகுதி, வீடு இல்லாதவர்கள் அயலூரில் தமக்காக உண்டாக்கிக்கொண்ட வீடு.

அந்தச் சமையலறை வாழ்வை நேரில் கண்டு எழுதியவர்கள் ஹார்வர்டு மானுடவியலாளர்கள் கான்ராட் ஆரன்ஸ்பெர்க்கும் சோலன் கிம்பலும். 1930களில் கிளேர் மாவட்டத்தில் தங்கி ஆராய்ந்தார்கள். ஆரன்ஸ்பெர்க்கின் நூல் 1937-இலும், இருவரும் சேர்ந்து எழுதியது 1940-இலும் வந்தன. அறுவடைக்கு ஒருவருக்கொருவர் கூலியின்றி உழைப்பது, இரவில் முதியவர்கள் குறிப்பிட்ட ஒரு வீட்டில் கூடி ஊர் விவகாரம் பேசுவது எல்லாம் அவற்றில் பதிவாகியுள்ளன. 1973-இல் ஹ்யூ பிராடி வெளியிட்ட இனிஷ்கில்லேன் என்ற ஆய்வு வேறொரு மேற்குக் கிராமத்தைக் காட்டியது. இளைஞர்கள் போய்விட்டார்கள், மணமாகாத நடுவயது ஆண்கள் நிலத்தோடும் குளிர்காலத்தோடும் தனித்திருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும். ஏங்கியவர்கள் நினைவில் வைத்திருந்த ஊர், அவர்கள் கிளம்பிய அன்றே தேயத் தொடங்கியிருந்தது. அவர்கள் கிளம்பியதும் அதற்கு ஒரு காரணம்.

எல்லோரும் எல்லோரையும் அறிந்திருப்பதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் இந்த ஏக்கத்தைப் பேசுவது நேர்மையாகாது. கோல்ம் டோய்பீனின் 2009 நாவல் புரூக்ளின் இதைத் துல்லியமாகப் பிடிக்கிறது. அமெரிக்காவில் ரகசியமாக மணம் முடித்த எய்லிஷ், தன் சொந்த ஊரான என்னிஸ்கார்த்திக்குத் திரும்பி, அங்கேயே தங்கிவிடலாமா என்று தடுமாறுகிறாள். உள்ளூர்க் கடைக்காரி மிஸ் கெல்லிக்கு அந்த ரகசியம் தெரிந்திருக்கிறது. புரூக்ளினில் எய்லிஷ் தங்கிய வீட்டின் உரிமையாளர் மிஸ் கெல்லியின் உறவினர். கடலைத் தாண்டியும் வலை நீண்டிருந்தது. எய்லிஷ் மீண்டும் கப்பலேறுகிறாள். கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மணமாகாமல் கருவுற்ற பெண்களை அடைத்துவைத்த தாய்-சேய் இல்லங்களை விசாரித்த அரசு ஆணையத்தின் அறிக்கை 2021 ஜனவரியில் வெளியானது. ஆணையம் ஆராய்ந்த 18 நிறுவனங்களில் 1922 முதல் 1998 வரை சுமார் 56,000 பெண்களும் 57,000 குழந்தைகளும் இருந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்தார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற ஒரு கேள்வி இந்தக் கட்டடங்களை நிரப்பியது. தப்பியவர்கள் பிரிட்டனுக்கு ஓடினார்கள். அயர்லாந்திலிருந்து கர்ப்பிணியாக வருபவர்களைக் குறிக்க, அங்கிருந்த சமூகநலப் பணியாளர்கள் மூன்றெழுத்துச் சுருக்கமே வைத்திருந்தார்கள், அத்தனை பேர் வந்தார்கள். தற்பாலினத்தவர்களும் போனார்கள், ஆண்களின் தற்பால் உறவு 1993 வரை குற்றமாக இருந்தது. எழுத்தாளர்களும் போனார்கள். எட்னா ஓ'பிரையனின் முதல் நாவல் 1960-இல் தடைசெய்யப்பட்டது. ஜான் மெக்கஹெர்ன் 1965-இல் நூல் தடைபட்டு, ஆசிரியர் வேலையும் இழந்தார். அதே மெக்கஹெர்ன் பின்னாளில் லீட்ரிம் மாவட்டத்தில் ஏரிக்கரையில் ஒரு சிறு பண்ணை வாங்கி, அண்டை அயலாரின் நாட்களைப் பெரும் அன்போடு எழுதினார். வெறுத்து வெளியேறியதும் விரும்பித் திரும்பியதும் ஒரே மனிதர்தான், திரும்பி வந்ததும் ஏறக்குறைய அதே ஊருக்குத்தான்.

இதனால்தான் 2015 மே 22 என் மனத்தில் பெரிதாக நிற்கிறது. தற்பாலினத் திருமணம் குறித்த பொதுவாக்கெடுப்பு அன்று நடந்தது. வெளிநாட்டில் வாழ்வோருக்கு அயர்லாந்தில் பொதுவாக அஞ்சல் வாக்கு இல்லை. போய் 18 மாதங்களுக்குள் திரும்பும் எண்ணமுள்ளவர்கள் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். லண்டனிலிருந்தும் அதைவிடத் தொலைவான ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் விமானத்திலும் படகிலும் கூட்டமாக வந்தார்கள். 62 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 2018 மே 25 அன்று, கருக்கலைப்புக்கு அரசியலமைப்பு விதித்திருந்த தடையை நீக்கும் வாக்கெடுப்புக்கு மீண்டும் வந்தார்கள். 2012-இல் கால்வே மருத்துவமனையில் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு உயிரிழந்த கர்நாடகத்துப் பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவரின் படம் அப்போது நாடெங்கும் சுவர்களில் இருந்தது. 66.4 சதவீதம் பேர் தடையை நீக்க வாக்களித்தார்கள். ஊரை நேசிப்பவர்கள், தங்களை விரட்டிய பகுதியை மட்டும் அதிலிருந்து அறுத்தெடுக்க வந்த பயணங்கள் அவை. ஏக்கம் செயலற்ற சோகம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

இன்றைய நிலை கலங்கலானது. 2005-க்குப் பின் ஏறக்குறைய 2000 பப்புகள் மூடப்பட்டுவிட்டன, பெரும்பாலும் ஊர்ப்புறங்களில். குடித்துவிட்டு வண்டியோட்டுவதற்கு எதிரான கடுமையான சட்டம் உயிர்களைக் காத்தது, அதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் வாரம் இருமுறை ஒரு கோப்பை பியருடன் மூன்று மணி நேரம் பேசிக்கொண்டிருந்த முதியவருக்கு மாற்று இடம் எதுவும் வரவில்லை. 2022 கணக்கெடுப்பில் குடியரசின் மக்கள்தொகை 1851-க்குப் பிறகு முதல்முறையாக 50 லட்சத்தைக் கடந்தது; அவர்களில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். இந்தியச் செவிலியர்கள் இல்லாமல் அந்நாட்டு மருத்துவமனைகள் இயங்காது. 2024 ஏப்ரலோடு முடிந்த ஓராண்டில் சுமார் 30,000 ஐரிஷ் குடிமக்கள் திரும்பி வந்தார்கள். அதே ஆண்டில் 10,600 பேர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள், முந்தைய ஆண்டைவிட இருமடங்குக்கு மேல். பஞ்சமில்லை, வேலையும் உண்டு, வீடுதான் இல்லை. செவிலியரும் ஆசிரியரும் டப்ளினில் வாடகை கொடுத்து வாழ முடியாமல் போகிறார்கள். இதை அரசின் தோல்வி என்றே சொல்ல வேண்டும்.

திரும்புகிறவர் சொந்த ஊரில் வீடு கட்ட நினைத்தால் இன்னொன்று காத்திருக்கிறது. நகரங்களின் நெருக்கம் உள்ள ஊர்ப்புறங்களில் தனிவீடு கட்ட அனுமதி வேண்டுமென்றால், விண்ணப்பிப்பவர் அந்த ஊரோடு தனக்குள்ள பிணைப்பை நிரூபிக்க வேண்டும் என்று பல மாவட்ட மன்றங்கள் விதி வைத்துள்ளன. 2005-இல் அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், அங்கே நெடுங்காலம் வாழ்ந்துபோன புலம்பெயர்ந்தோரையும் தகுதியுடையோராகக் குறிப்பிடுகின்றன. எனவே மெல்போர்னில் பத்தாண்டு இருந்த ஒருவர், தான் படித்த தொடக்கப்பள்ளியிடமும் சிறுவயதில் ஆடிய ஜி.ஏ.ஏ. மன்றத்திடமும் கடிதம் வாங்கித் திட்ட அலுவலகத்தில் கொடுக்கிறார். தபால்காரருக்குத் தெரிந்திருந்த அதே விவரம் இப்போது கோப்பில் இணைக்கும் ஆவணம். குடியேற்றச் சுதந்திரத்தை இத்தகைய விதிகள் மீறக்கூடும் என்று, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி பற்றிய ஒரு வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் அளித்த தீர்ப்பு சுட்டியது. அன்றுமுதல் அயர்லாந்திலும் விவாதம் நடக்கிறது. நிலமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த விதி உதவும். நிலமில்லாத கூலித் தொழிலாளியின் மகள் எத்தனை கடிதம் வாங்கினாலும் கட்ட மனை இருக்காது. கேரளத்திலிருந்தும் போலந்திலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது அதே தொடக்கப்பள்ளிகளில் படிக்கிறார்கள், அதே மன்றங்களில் ஹர்லிங் மட்டை பிடிக்கிறார்கள். இன்னும் இருபது ஆண்டில் அவர்களில் சிலர் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போவார்கள், ஞாயிறு ஆட்டத்தைத் தேடிக் கேட்பார்கள், ஊர் திரும்பி அந்த இரண்டு கடிதங்களையும் கேட்டு வருவார்கள்.